அடுத்த ஃப்ளோர் மேனேஜர் எந்த பஸ்ஸில் வருகிறார்?

கேள்வி: ஐயா, ஆம்பூர் பக்கத்தில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருக்கிறோம். அப்பா தொடங்கியது, இப்போது நானும் கூட இருந்து பார்க்கிறேன். மொத்தம் 260 பேர், பெரும்பாலும் பெண்கள். எங்கள் ஃப்ளோர் மேனேஜர் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். அவருக்கு அடுத்து யார் என்று பார்த்தால் ஆளே இல்லை. போன வருடம் எங்கள் நம்பர் ஒன் ஸ்டிச்சிங் ஆபரேட்டரை சூப்பர்வைசர் ஆக்கினோம். நான்கே மாதத்தில் 'என்னை மெஷினுக்கே அனுப்பிடுங்க சார்' என்று அழுதுவிட்டார். அந்த லைனின் உற்பத்தியும் இறங்கிவிட்டது. வேறு பெண்களைக் கேட்டால் வேண்டாம் என்கிறார்கள். பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தால், ஆயிரம் ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்று பக்கத்து ஃபேக்டரிக்குப் போய்விடுகிறார்கள். சென்னையிலிருந்து வந்த கன்சல்டன்ட் ஒன்பது கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து எல்லோர் பெயரையும் அதில் எழுதச் சொன்னார். பாதியில் நிற்கிறது. அப்பாவோ, என் அத்தை மகனைக் கொண்டுவந்து போட்டுவிடலாம் என்கிறார். நாளைக்குப் பொறுப்பேற்கக்கூடியவர் யார் என்று இன்றைக்கே எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படி வளர்ப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆம்பூர்

பதில்: 260 பேர் வேலை செய்யும் இடத்தில் ஆளே இல்லாமல் இருக்காது. நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ராணிப்பேட்டை சிப்காட் தொடங்கி வாணியம்பாடி வரை (வேலூர் மாவட்டத்தை 2019இல் மூன்றாகப் பிரித்தாலும் எனக்கு இது இன்னும் வட ஆற்காடுதான்) மனிதவள வேலை பார்த்து வருகிறேன். உங்கள் கேள்வியைக் கேட்காத முதலாளி அபூர்வம்.

முதலில் அழுத அந்த அம்மாவின் விஷயத்தைப் பேசிவிடுவோம். மற்ற பெண்கள் வேண்டாம் என்பதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அவர் தைப்பதில் கெட்டிக்காரர். அதற்குப் பரிசாக, தைக்கவே தேவையில்லாத ஒரு வேலையைக் கொடுத்தீர்கள். நேற்றுவரை மெஷினும் தோலும் சொன்னபடி கேட்டன. இன்று நாற்பது பேரைச் சொன்னபடி கேட்க வைக்க வேண்டும், அதில் பத்துப் பேர் அவருடைய தெருக்காரர்கள். இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. அதிகம் விற்பவரைத்தான் நிறுவனங்கள் மேலாளர் ஆக்குகின்றன, ஆனால் அப்படி வந்தவர்களின் கீழே வேலை செய்தவர்களின் விற்பனை குறைந்தது என்று அது காட்டியது. கையில் இருக்கும் வேலையை நன்றாகச் செய்வதை வைத்து அடுத்த வேலையைச் செய்வாரா என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஆபரேட்டராக இருந்தபோது ஓ.டி.க்கு (கூடுதல் நேர வேலைக்கு) சட்டப்படி இரட்டைச் சம்பளம், டார்கெட் தாண்டினால் இன்சென்டிவ். சூப்பர்வைசர் ஆனதும் மாதச் சம்பளம் என்று சொல்லி இரண்டையும் நிறுத்தியிருப்பீர்கள். ஷிப்மென்ட் மாதத்தில் அவருக்குக் கீழே வேலை செய்யும் பெண் அவரைவிட அதிகம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். பல யூனிட்டுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். முதலாளிக்குத் தெரிவதில்லை, லைனில் எல்லோருக்கும் தெரியும். பதவி உயர்வு என்று சொல்லி வருமானத்தைக் குறைத்தால் யார்தான் வருவார்கள்? பதவி மாறியவருக்கு முந்தைய ஆறு மாதச் சராசரி வருமானத்தைவிட ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது என்பதை விதியாக எழுதி வையுங்கள்.

அந்த அம்மாவை மெஷினுக்கே அனுப்புங்கள், ஆனால் தண்டனை மாதிரி வேண்டாம். சாம்பிள் ரூமில் அவர் கை உங்களுக்கு வேண்டும். புது ஆர்டிகிள் (புது ஷூ மாடல்) வரும்போது எந்த இடத்தில் தையல் இழுக்கும், எந்தத் தோலுக்கு எந்த ஊசி என்று அவரைப்போல் சொல்ல ஆள் இருக்காது. சூப்பர்வைசர் சம்பளத்தையே கொடுத்து, சீனியர் சாம்பிள் ஆபரேட்டர் என்று பெயர் போட்டு உட்கார வையுங்கள். நல்ல கைக்காரருக்கு மேலே போக ஒரே ஒரு ஏணி, அது சூப்பர்வைசர் நாற்காலி என்று இருக்கும்வரை நல்ல ஆபரேட்டரையும் இழப்பீர்கள், மோசமான சூப்பர்வைசரையும் பெறுவீர்கள். திரும்பிப் போனவர் மரியாதையோடு இருப்பதைப் பார்த்தால்தான் அடுத்தவருக்கு முயன்று பார்க்கத் துணிச்சல் வரும்.

சரி, ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி?

உங்கள் உற்பத்தி ரிஜிஸ்டரில் அது தெரியாது. ஏன் தெரியாது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கும் ஸ்கைவிங்கில் சரியாகச் சீவாமல் தடிப்பாக வந்த ஒரு பண்டில், தைக்கிற போஸ்ட் மெஷினுக்கு வருகிறது. முதல் பெண் அதை அப்படியே தைத்துத் தள்ளிவிடுகிறார். அவர் கணக்கு குறையவில்லை, கோளாறு செக்கிங் டேபிளில்தான் தெரியும். இரண்டாவது பெண் நாலு பீஸ் தைத்ததும் நிறுத்துகிறார். பண்டிலை எடுத்துக்கொண்டு ஸ்கைவிங் மெஷினுக்கு நடந்து போய், கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டிக் காட்டி, 'அக்கா, இந்தப் பக்கம் மட்டும் தடிக்குது, பாருங்க' என்கிறார். சண்டை போடவில்லை, சூப்பர்வைசரிடம் போட்டும் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது, பக்கத்து மெஷினில் அதே பண்டிலின் மிச்சத்தை வைத்திருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருகிறார். அன்றைக்கு அவர் கணக்கில் பதினைந்து ஜோடி குறைவு. ரிஜிஸ்டர்படி முதல் பெண் ஏ கிரேடு, இரண்டாமவர் பி கிரேடு. நீங்கள் தேடுவது அந்த இரண்டாவது பெண்ணைத்தான். தன் மெஷினைத் தாண்டி யோசிக்கிறார், அடுத்தவர் தப்பை அவர் முகம் சுண்டாமல் சொல்லத் தெரிகிறது, மொத்த லைனுக்காகத் தன் கணக்கை விட்டுக்கொடுக்கிறார். இந்த மூன்றும் இருந்தால் மற்றதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். இவை இல்லாதவருக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தாலும் செலவுதான் மிச்சம்.

இப்படிப்பட்டவர் யார் என்று கேபினில் உட்கார்ந்து யோசிப்பதைவிட ஆபரேட்டர்களையே கேளுங்கள். 'லைனில் யார் பெஸ்ட்' என்று கேட்டால் நட்புக்குப் பதில் சொல்வார்கள். கேள்வி வேறு மாதிரி இருக்க வேண்டும். மெஷின் தகராறு செய்தால் மெக்கானிக் வருவதற்குள் யாரைக் கூப்பிடுவீர்கள்? சம்பளச் சீட்டில் பிடித்தம் புரியவில்லை என்றால் யாரிடம் காட்டுவீர்கள்? உங்கள் தங்கை இங்கே புதிதாகச் சேர்ந்தால் யார் பக்கத்தில் உட்கார வைப்பீர்கள்? தனித்தனியாக, ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒரு லைனில் நாற்பது பேரைக் கேட்டால் மூன்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்றாவது நீங்கள் எதிர்பார்க்காத பெயராக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஊர், தெரு, சாதி, சொந்தம் எல்லாம் நம் பக்கத்து ஃபேக்டரிகளுக்குள் பஸ் ஏறித்தான் வருகின்றன. மாதனூர் பஸ்ஸில் வருகிறவர்கள் மாதனூர்க்காரர் பெயரையே சொல்வார்கள். ஒரு பெயர் குறைந்தது இரண்டு பஸ்காரர்கள் வாயிலாவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது நம்பக்கூடிய பெயர்.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. பெண்கள் வேண்டாம் என்று சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த நேரத்தில், எந்த வேலைக்கு வேண்டாம் என்றார்கள்? உங்கள் இப்போதைய சூப்பர்வைசர்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள் என்று கவனியுங்கள். ஆபரேட்டர்களின் கம்பெனி பஸ் மாலை கிளம்பிவிடும். அதற்கப்புறம்தான் நாளைக்கு லைனில் எதை ஏற்றுவது என்ற லோடிங், கழித்த பீஸ்களின் ரிஜக்ஷன் கணக்கு, மேனேஜரோடு மீட்டிங். பைக் வைத்திருக்கிற ஆண்கள் இருப்பார்கள். பேர்ணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வருகிற பெண் எட்டு மணிக்கு எதில் போவார்? ஆக, யார் தலைவர் ஆகலாம் என்பதை உங்கள் பஸ் டைம்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறது. அந்த மீட்டிங்கை மதியம் மூன்று மணிக்கு மாற்றுங்கள். அரை மணி நேரம் போதும். ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். ஷூ வாங்கும் பையருக்குப் போகிற மெயில் ஆங்கிலத்தில் இருக்கட்டும், லைன் ரிப்போர்ட் தமிழில் இருந்தால் குடி முழுகிவிடாது. வளாகத்தில் குழந்தைகள் காப்பகம் நிஜமாக நடக்கிறதா, பூட்டிய அறையா என்பதையும் பாருங்கள். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அது சட்டப்படி வேண்டும். இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டு மறுபடி கேளுங்கள், பதில் மாறும்.

நம் வேலூரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்றார்கள். முதல் வருடம் வந்த விண்ணப்பங்கள் 151. அன்றைக்கும் பெண்கள் வரமாட்டார்கள் என்று சொன்னவர்கள் பெண்களைக் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

அந்த ஒன்பது கட்டத் தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் இப்போதைய வேலை, மறுபக்கம் எதிர்காலத் திறன், ஒவ்வொன்றிலும் மூன்று படி. எழுபதுகளில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் எந்தத் தொழில் பிரிவில் பணம் போடலாம் என்று பார்ப்பதற்காக மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் போட்டுக்கொடுத்த கட்டம், அப்புறம் மனிதர்களுக்கும் வந்துவிட்டது. முதல் பக்கத்தை ரிஜிஸ்டர் பார்த்து நிரப்பலாம். இரண்டாவது பக்கம், நிரப்புகிறவரின் ஊகம். மேனேஜருக்குப் பிடித்தவர் மேல் கட்டத்துக்குப் போவார். ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கும் கம்பெனியில் பேச்சைத் தொடங்கவாவது அது உதவும். உங்களுக்கு வேண்டாம். கன்சல்டன்ட்டுக்கு ஃபீஸ் கொடுத்தாகிவிட்டதே என்று வருத்தப்பட்டு நிரப்பாதீர்கள்.

ஆறேழு பெயர் கிடைத்ததும் யாருக்கும் பட்டம் கட்டாதீர்கள். 'வருங்காலத் தலைவர்கள்' என்று பட்டியல் போட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டி, சால்வை போர்த்தி போட்டோ எடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. மறுநாளிலிருந்து மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள், பட்டியலில் இருப்பவரைக் கேலி பேசியே சோர வைத்துவிடுவார்கள். அதற்காக ரகசியமாகவும் வைக்க முடியாது. மதியச் சாப்பாட்டுக்குள் ஃப்ளோர் முழுக்கத் தெரிந்துவிடும். வேலையாகக் கொடுத்துவிடுங்கள், பெயராகக் கொடுக்காதீர்கள்.

என்ன வேலை என்றால், சின்னதாக இருக்க வேண்டும், நிஜமானதாக இருக்க வேண்டும், தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த மூன்று பேரை ஒரு மாதத்தில் லைனுக்குத் தயார்செய்வது ஒன்று. புது ஆர்டிகிளின் முதல் ஐம்பது ஜோடியை கட்டிங்கிலிருந்து செக்கிங் வரை கூடவே போய் முடிப்பது ஒன்று. ஒரு வாரத்து ரிஜக்ஷனை எடுத்து, எந்த டேபிளில் ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பது இன்னொன்று. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை வேறு. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்குக் குடியாத்தம் பஸ் பாதிக்கு மேல் காலியாக வரும், சில வருடம் வராது. அந்த நாளுக்கு லைனை எப்படி ஓட்டலாம் என்று பத்து நாள் முன்னாலேயே ஒருவரைத் திட்டம் போடச் சொல்லுங்கள். யாருக்கு இரண்டு ஆபரேஷன் தெரியும், யாரை எங்கே மாற்றலாம், எந்த ஆர்டிகிளைத் தள்ளிப்போடலாம், யாரிடம் தயவாகக் கேட்க வேண்டும் என்று எல்லாமே அதில் வந்துவிடும். மேனேஜர் அன்று பக்கத்தில் நிற்கட்டும், வாயைத் திறக்க வேண்டாம். சாயங்காலம் உட்கார்ந்து பேசும்போது 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்காமல் 'என்ன யோசித்து இதைச் செய்தீர்கள்' என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்தில் ஆளுக்கு மூன்று நான்கு வேலை கொடுத்துப் பார்த்தால் இரண்டு பேர் தனியாகத் தெரிவார்கள். மற்றவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இழுத்தடிப்பதுதான் மனஸ்தாபம். கிண்டியில் இருக்கும் மத்தியக் காலணிப் பயிற்சி நிலையத்துக்கோ வேறு கோர்ஸுக்கோ அனுப்புவது இதற்கப்புறம்தான். கையில் பிரச்சினை இருப்பவர் வகுப்பில் கேள்வி கேட்பார். இல்லாதவர் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வருவார்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நூல் வாங்குவதற்கும் ஊசி வாங்குவதற்கும் உங்கள் யூனிட்டில் யார் கையெழுத்து? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்பா தொடங்கி நடத்தும் இடங்களில் அநேகமாக அப்பா கையெழுத்துதான். ஒருவருக்கு ஓ.டி. போடலாமா என்பதைக்கூட போனில் அப்பாவைக் கேட்டுச் செய்யும் இடத்தில் தலைவர் வளரமாட்டார், தகவல் சொல்லுகிறவர்தான் வளருவார். உங்கள் ஃப்ளோர் மேனேஜர் இத்தனை வருடத்தில் இரண்டாம் ஆளை உருவாக்காமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவரிடமே முடிவெடுக்க எதுவும் இல்லையென்றால் அடுத்தவருக்கு எதைக் கொடுப்பார்? அப்பாவோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் செய்யலாம் என்பவை, மேனேஜர் செய்துவிட்டு அப்புறம் சொன்னால் போதும் என்பவை, அப்பாவைக் கேட்டே ஆக வேண்டியவை. மாதம் 5,000 ரூபாய்க்குள் உதிரிச் சாமான் வாங்க லைன் சூப்பர்வைசருக்கு அதிகாரம் கொடுத்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அதிகபட்ச நஷ்டம் 15,000. கன்சல்டன்ட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஓய்வு பெறப்போகிற மேனேஜரிடமும் பக்குவமாகப் பேசுங்கள். தன் வேலையை ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே தன்னை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும், இருப்பதில் தப்பும் இல்லை. ஓய்வு தேதி மாறாது, அதற்குப் பிறகும் ஒரு வருடம் வாரத்துக்கு இரண்டு நாள் ஆலோசகராக வரலாம், சம்பளம் இவ்வளவு என்று எழுத்தில் கொடுங்கள். அப்புறம் அவரை மாதம் ஒரு வாரம் கட்டாய லீவில் அனுப்புங்கள். அந்த வாரங்களை அந்த இரண்டு பேரும் மாறி மாறி நடத்தட்டும். எது அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்பது அந்த வாரத்தில்தான் வெளியே வரும்.

புதிய மேனேஜரின் சம்பளத்தில் ஒரு சிக்கல் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) வரம்புக்கு வெளியே போய்விடுவார்கள். 2017 முதல் இதுதான் வரம்பு. சூப்பர்வைசருக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது, ஃப்ளோர் மேனேஜருக்கு வரும். வயதான அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ.யில் மருந்து வாங்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. பதவிக்கு முன்னாலேயே குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

பக்கத்து ஃபேக்டரி பயத்துக்கு என்னிடம் முழு மருந்து கிடையாது. ஆம்பூரில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு நடந்தே போகலாம், சிலர் போகத்தான் போவார்கள். அதற்காக பாண்டு எழுதி வாங்குவது, ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்வது என்று இறங்காதீர்கள். இருக்க வேண்டும் என்று நினைத்தவரையும் அது துரத்திவிடும். ஆயிரம் ரூபாய்க்காகப் போகிறவர்களில் பலர் உண்மையில் அடுத்த படி எப்போது என்று தெரியாமல் போகிறவர்கள். 'இந்த மூன்று வேலையை முடித்தால், தீபாவளிக்கு அப்புறம் இந்தப் பொறுப்பு, இந்தச் சம்பளம்' என்று தேதியோடு சொல்லுங்கள். சொன்ன தேதியில் கொடுங்கள். ஒரே ஆளை வளர்த்தால் அவர் போகும்போது எல்லாம் போகும் என்பதால்தான் இரண்டு பேர் என்றேன்.

கடைசியாக அத்தை மகன். சொந்தக்காரர் என்பதால் வரக் கூடாது என்று சொல்லமாட்டேன். நம் பக்கத்துத் தோல் தொழிலில் பாதி அப்படித்தான் நிற்கிறது. ஆனால் நேராக மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தால், நீங்கள் ஆறு மாதம் சோதித்து எடுத்த அந்த இரண்டு பேரும் அடுத்த மாதமே வேறு இடம் பார்ப்பார்கள். வருவதாக இருந்தால் அவரும் அதே புது ஆர்டிகிள், அதே ரிஜக்ஷன் வாரம், அதே திருவிழா நாள் எல்லாம் செய்யட்டும். அப்பாவிடம் மறுத்துப் பேச வேண்டாம், 'அவனும் வரட்டும்பா, எல்லோரையும் போல ஆரம்பிக்கட்டும்' என்று சொன்னால் போதும். அதற்கு முன் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்பா என்ன நினைக்கிறார் என்பது இருக்கிறது, அவருக்கு இந்த வேலைக்கு வர ஆசை இருக்கிறதா என்பது எங்கேயும் இல்லை.